'அதை அமுக்கு, இங்கே ஏறு, அங்கே பார்!': அட்வென்ச்சர் கேம்கள் ஏன் இவ்வளவு சொல்லிக் கொடுக்கின்றன?

ஒரு பெரிய தண்ணீர்ச் சக்கரம் அசையாமல் நிற்கிறது. அதைச் சுற்ற வைத்தால்தான் அடுத்த கதவு திறக்கும். கேம் ஆடுபவர் கேமராவைத் திருப்பிச் சுற்றுமுற்றும் பார்க்கிறார். கையில் இருக்கும் பனிக் கோடாரியை எங்கே வீசலாம் என்று யோசிக்க ஆரம்பிக்கிறார். அதற்குள் பக்கத்தில் நிற்கும் மகன் கதாபாத்திரம் வாயைத் திறந்து, எந்தத் தண்ணீரை உறைய வைக்கலாம் என்று சொல்லிவிடுகிறது.

புதிர் முடிந்தது. ஆனால் அதை விடுவித்தது யார்?

2022 நவம்பரில் வெளியான 'காட் ஆஃப் வார் ரக்னராக்' கேமை ஆடிய பலர் சொன்ன புகார் இதுதான். கதையையும் சண்டைக் காட்சிகளையும் கொண்டாடியவர்கள்கூட, "கொஞ்சம் யோசிக்க விடுங்கப்பா" என்று அலுத்துக்கொண்டார்கள். விடுகதை போட்டவரே, எதிரில் இருப்பவர் யோசிக்கும் முன்பு விடையையும் சொல்லிவிட்டால் எப்படி இருக்கும்? அந்த எரிச்சல்தான் இது.

கோடிக்கணக்கில் செலவழித்து கேம் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு இது தெரியாதா? தெரிந்தும் ஏன் இப்படிச் செய்கின்றன? விரிவாகப் பார்க்கலாம்.

டுடோரியல் வேறு, கையைப் பிடித்து நடத்துவது வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். எந்தப் பட்டனை அமுக்கினால் குதிக்கலாம், எதை அமுக்கினால் வாளை வீசலாம் என்று சொல்லித் தருவது டுடோரியல். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பது மாதிரி இது. பெரும்பாலான கேம்களுக்கு ஏதோ ஒரு வடிவில் இது தேவை.

கையைப் பிடித்து நடத்துவது அடுத்த கட்டம். சைக்கிள் ஓட்டக் கற்ற பிறகும் ஒருவர் பின்னால் ஓடிவந்து, "இங்கே திரும்பு, அங்கே பிரேக் போடு" என்று சொல்லிக்கொண்டே இருப்பது. எங்கே போக வேண்டும், எதில் ஏற வேண்டும், புதிருக்கு விடை என்ன என்பதையெல்லாம் ஆடுபவர் கேட்காமலேயே கேம் சொல்லிவிடுகிறது.

இது பல வேடங்களில் வரும். ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரையில் விரியும் விளக்கப் பெட்டி ஒன்று. வரைபடத்தில் மின்னும் இலக்குக் குறி இன்னொன்று. ஏற வேண்டிய பாறையில் பூசியிருக்கும் பெயிண்ட், ஒரு பட்டனை அமுக்கியதும் முக்கியமான பொருள்கள் மட்டும் ஒளிரும் 'துப்பறியும் பார்வை', சும்மா இருக்க முடியாமல் பேசிக்கொண்டே வரும் துணைக் கதாபாத்திரம் எல்லாமே இந்த ரகம்தான்.

அந்தக் காலத்துல யார் சொல்லிக் கொடுத்தாங்க?

அட்வென்ச்சர் என்ற கேம் வகைக்குப் பெயர் வந்ததே 1970களில் உருவான ஒரு கேமில் இருந்துதான். வில் க்ரௌதர் என்ற அமெரிக்க புரோகிராமர் ஒரு குகையை எழுத்துகளாலேயே உருவாக்கினார். 1977-ல் டான் உட்ஸ் அதை விரிவாக்கினார். 'கொலோசல் கேவ் அட்வென்ச்சர்' என்று அறியப்படும் அந்த கேமில் படம் கிடையாது. ஓரிரு வார்த்தைகளில் கட்டளையை டைப் செய்ய வேண்டும். எந்த வார்த்தை வேலை செய்யும் என்பதைக் கண்டுபிடிப்பதே பாதி விளையாட்டு.

1986-ல் ஜப்பானில் வெளியான நின்டெண்டோவின் 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா' இன்னும் துணிச்சலானது. கேம் தொடங்கும்போது ஹீரோ கையில் ஆயுதமே இல்லை. மூன்று திசைகளில் வழி இருக்கும், ஒரு குகை வாசலும் இருக்கும். குகைக்குள் போனால் ஒரு முதியவர் வாள் தருவார். போகாமல் வெறுங்கையோடு வேறு பக்கம் நடந்தாலும் கேம் தடுக்காது.

அப்படியானால் அன்றைக்கு ஆடியவர்கள் எல்லாம் தாங்களாகவே எல்லாவற்றையும் கண்டுபிடித்தார்களா? இல்லை. உதவி கேமுக்கு வெளியே இருந்தது. பெட்டிக்குள் கையேடும் வரைபடமும் வந்தன. அமெரிக்காவில் 1988 முதல் 'நின்டெண்டோ பவர்' என்ற பத்திரிகை வழிகாட்டிகளை வெளியிட்டது. போன் செய்து கேட்டால் வழி சொல்ல நின்டெண்டோ தனியாக ஆட்களையே வைத்திருந்தது.

எழுத்து வடிவ கேம்களுக்குப் பெயர்போன இன்ஃபோகாம் நிறுவனம் 1980களில் விற்ற குறிப்புப் புத்தகம் சுவாரஸ்யமானது. விடைகள் கண்ணுக்குத் தெரியாத மையில் அச்சிடப்பட்டிருக்கும். கூடவே தரப்படும் பேனாவால் தேய்த்தால்தான் எழுத்து தெரியும். முதல் குறிப்பு லேசானது, அடுத்தது கொஞ்சம் தெளிவானது, கடைசியில்தான் விடை. எவ்வளவு தேய்ப்பது என்பது ஆடுபவர் கையில் இருந்தது.

பழைய கேம்கள் எல்லாமே நல்லவையா?

இல்லை. சில கேம்கள் அநியாயமாகவும் இருந்தன. 1990-ல் வெளியான 'கிங்ஸ் குவெஸ்ட் 5' அதற்கு நல்ல உதாரணம். அதில் ஒரு பனி மனிதனை வீழ்த்த ஒரு கஸ்டர்ட் பை பலகாரத்தை அவன் மேல் எறிய வேண்டும். ஆனால் ஹீரோவுக்குப் பசிக்கும்போது அந்தப் பலகாரத்தைத் தின்றுவிடவும் முடியும். தின்றுவிட்டால் பனி மனிதனைத் தாண்டவே முடியாது. 'நீ தப்பு செய்துவிட்டாய்' என்று கேம் சொல்லவும் சொல்லாது. பழைய சேவ் இல்லையென்றால் முதலில் இருந்துதான்.

இந்தப் போக்கை எதிர்த்துக் குரல் கொடுத்தவர் ரான் கில்பர்ட். அட்வென்ச்சர் கேம்களில் என்னென்ன கோளாறு என்று 1989-ல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் கேம் வடிவமைப்பாளர்கள் படிக்கும் ஒன்று. ஆடுபவர் செத்துச் செத்துக் கற்றுக்கொள்ளக் கூடாது, முன்பு எடுக்க மறந்த ஒரு பொருளுக்காக மொத்த ஆட்டமும் வீணாகக் கூடாது என்பது அவருடைய வாதம். 1990-ல் அவர் லூகாஸ் நிறுவனத்துக்காக உருவாக்கிய 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலேண்ட்' அந்தக் கொள்கையின் செயல்வடிவம்.

ஆக, 'அந்தக் காலத்தில் எல்லாம் கஷ்டம், அதனால் எல்லாம் சிறப்பு' என்ற கதை பாதிதான் உண்மை. யோசித்தால் பிடிபடும் கஷ்டம் வேறு. எவ்வளவு யோசித்தாலும் பிடிபடாத கஷ்டம் வேறு.

கையேடு காணாமல் போனது எப்படி?

1990களின் நடுவில் கேம்கள் 3டிக்கு மாறின. கேமராவைத் திருப்புவது, குறிவைப்பது, பதுங்குவது என்று கற்க வேண்டியவை பெருகின. 1980களின் நின்டெண்டோ கன்ட்ரோலரில் திசைத் தட்டைத் தவிர நான்கு பட்டன்கள்தான். இன்றைய பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரில் இரண்டு ஸ்டிக்குகளோடு ஒரு டஜனுக்கும் மேல் பட்டன்கள்.

அதே நேரத்தில் அச்சிட்ட கையேடு மறையத் தொடங்கியது. காகிதக் கையேட்டைக் கைவிடப்போவதாக 2010-ல் யூபிசாஃப்ட் அறிவித்தது. மற்ற நிறுவனங்களும் அதே வழியில் போயின. பிறகு டவுன்லோடு செய்து ஆடும் காலம் வந்தது. பெட்டியே இல்லை, அப்புறம் கையேடு எங்கே?

இதன் விளைவு எளிமையானது. கையேட்டில் இருந்த 30, 40 பக்க விளக்கமும் கேமுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. முன்பு விருப்பம் இருந்தால் புரட்டிப் பார்க்கலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். இப்போது அதைத் தாண்டித்தான் ஆடவே முடியும் என்ற நிலை வந்தது.

நவி முதல் ஃபீ வரை: செல்டா சொல்லும் பாடம்

இந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ள செல்டா வரிசையைப் பார்த்தாலே போதும். 1998-ல் வந்த 'ஆக்கரினா ஆஃப் டைம்' கேமில் நவி என்ற குட்டித் தேவதை ஹீரோ கூடவே பறக்கும். முழு 3டி உலகம் பலருக்குப் புதிது என்பதால் அந்த உதவி தேவைப்பட்டது. ஆனால் 'ஹே, லிசன்!' என்று அது அடிக்கடி கூப்பிடும் குரல், எரிச்சலூட்டும் துணைக்கு உதாரணமாகவே மாறிவிட்டது.

2011-ல் வந்த 'ஸ்கைவார்ட் ஸ்வோர்ட்' எல்லையைத் தாண்டியது. அதில் வாளுக்குள் வாழும் ஃபீ என்ற கதாபாத்திரம், சற்று முன் வேறொருவர் சொன்னதையே திரும்பச் சொல்லும். ரிமோட்டில் பேட்டரி குறைந்தால்கூட வந்து அறிவிக்கும். கேமை நிறுத்திவிட்டு மறுநாள் திறந்தால், ஏற்கெனவே பலமுறை எடுத்த பூச்சியை எடுத்தாலும் அதன் விளக்கம் மறுபடி முதலில் இருந்து திரையில் ஓடும்.

இந்த விமர்சனம் நின்டெண்டோ காதில் விழுந்ததா? விழுந்தது. 2021-ல் அதே கேம் ஸ்விட்ச் கருவிக்கு மறுபதிப்பாக வந்தபோது, ஃபீயின் குறுக்கீடுகள் பெருமளவு குறைக்கப்பட்டன. வேண்டுமானால் ஆடுபவரே கூப்பிட்டுக் கேட்கலாம் என்று ஆக்கினார்கள். பொருள்களின் விளக்கமும் முதல்முறை மட்டுமே வந்தது. கதையும் கேமும் மாறவில்லை. இந்தச் சின்ன மாற்றமே ஆடும் அனுபவத்தை நிறைய மாற்றியது.

'மஞ்சள் பெயிண்ட்' சர்ச்சை என்றால் என்ன?

கேம் ரசிகர்கள் மத்தியில் அடிக்கடி வெடிக்கும் சண்டை இது. எந்தப் பெட்டியை உடைக்கலாம், எந்த ஏணியில் ஏறலாம் என்று காட்ட மஞ்சள் பெயிண்ட் பூசுவது பல கேம்களில் வழக்கமாகிவிட்டது. 2023 மார்ச்சில் வந்த 'ரெசிடென்ட் ஈவில் 4' ரீமேக்கில் பெட்டிகளிலும் ஏணிகளிலும் மஞ்சள் பூச்சு இருந்தது. ஊரே வெறிபிடித்த கும்பலாக மாறிய அந்த கிராமத்தில் யார் பெயிண்ட் டப்பாவோடு சுற்றினார்கள் என்று மீம்கள் பறந்தன.

2024 பிப்ரவரியில் 'ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீபர்த்' டெமோ வந்தபோது, மலைப் பாறைகளில் இருந்த மஞ்சள் பூச்சு மறுபடி விவாதத்தைக் கிளப்பியது.

சிரிப்பது எளிது. ஆனால் இதற்குப் பின்னால் ஒரு நிஜமான சிக்கல் இருக்கிறது. பழைய கேம்களில் பின்னணி தட்டையான ஓவியம். தொடக்கூடிய பொருள் தனியாகத் தெரியும். இன்றைய கேமில் ஒவ்வொரு கல்லும் புல்லும் நிஜம் மாதிரியே இருக்கிறது. நூறு பாறைகள் ஒன்றுபோல இருந்து, அவற்றில் ஒன்றில் மட்டும்தான் ஏற முடியும் என்றால், அதை ஆடுபவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? கிராபிக்ஸ் எவ்வளவு நிஜமாகிறதோ, அவ்வளவு அடையாளம் தேவைப்படுகிறது. மஞ்சள் பெயிண்ட் அந்த முரண்பாட்டின் விலை.

இதை அழகாகவும் செய்யலாம் என்று காட்டிய கேம்கள் உண்டு. 2008-ல் வந்த 'மிரர்ஸ் எட்ஜ்', வெள்ளை வெளேரென்ற நகரத்தில் ஓட வேண்டிய பாதையை மட்டும் சிவப்பாகக் காட்டியது. அந்தக் கதாநாயகி உலகத்தைப் பார்க்கும் விதமே அப்படி என்று சொன்னதால் அது உறுத்தவில்லை. 2020-ல் வந்த 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா'வில் அம்புக்குறிக்குப் பதிலாகக் காற்று வழிகாட்டும். போக வேண்டிய திசையில் புல்லும் இலைகளும் சாயும். உதவி அதேதான், ஆனால் அது அந்த உலகத்துக்குள்ளேயே இருந்து வருகிறது.

வாய் ஓயாத துணைகள்

பெயிண்ட்டைவிட அதிகம் எரிச்சலூட்டுவது பேச்சு. பெயிண்ட்டைப் பார்க்காமல் இருக்கலாம், காதில் விழுவதை எப்படித் தடுப்பது?

2022 பிப்ரவரியில் வந்த 'ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்' கேமில் நாயகி ஏலாய் தனக்குத்தானே பேசிக்கொண்டே இருப்பார். அடுத்து என்ன செய்யலாம் என்பதையும் அவரே சொல்லிவிடுவார். பை நிறைந்து, பொருள் சேமிப்புக் கிடங்குக்குப் போனது என்று திரும்பத் திரும்பச் சொல்லும் வசனம் பலரைக் கடுப்பேற்றியது. பின்னர் வந்த அப்டேட்டில் அந்த வசனம் வரும் எண்ணிக்கையைக் குறைத்தார்கள்.

'ரக்னராக்' விஷயத்திலும் மாற்றம் வந்தது. 2024 செப்டம்பரில் வெளியான அதன் பிசி பதிப்பில், துணைக் கதாபாத்திரங்கள் புதிர்க் குறிப்பு சொல்வதைக் குறைக்கும் வசதி தரப்பட்டது.

நிறுவனங்கள் ஏன் இப்படிச் செய்கின்றன?

முதல் காரணம், பரிசோதனை. கேம் வெளியாகும் முன் வெளியாட்களை அழைத்து ஆட வைத்து, அவர்கள் எங்கே திணறுகிறார்கள் என்று பார்ப்பது வழக்கம். ஒருவர் பத்து நிமிடம் ஒரே இடத்தில் சுற்றினால், அந்த இடத்தில் ஒரு குறிப்பு சேர்க்கப்படும். இன்னொருவர் இன்னொரு இடத்தில் நின்றால் அங்கேயும் ஒன்று. இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்து, கடைசியில் எல்லா இடத்திலும் குறிப்பு வந்துவிடுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு முடிவும் சரிதான். மொத்தமாகப் பார்த்தால் மூச்சு முட்டுகிறது.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. திணறுகிறவரைக் கண்ணால் பார்க்க முடியும். யோசித்துக் கண்டுபிடித்து மனசுக்குள் சந்தோஷப்படுகிறவரை அவ்வளவு எளிதாக அளக்க முடியாது.

இரண்டாவது காரணம், பணம். பெரிய கேம்களுக்கு லட்சக்கணக்கான பிரதிகள் விற்றாக வேண்டும். அதில் முதல்முறை கன்ட்ரோலரைப் பிடிப்பவர்களும் இருப்பார்கள். வேலை முடிந்து இரவில் அரைமணி நேரம் ஆடுபவர்களும், இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்து 'எங்கே விட்டோம்?' என்று விழிப்பவர்களும் இருப்பார்கள். ஸ்டீம் தளத்தில், வாங்கி 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த முதல் இரண்டு மணி நேரத்தில் ஒருவர் குழம்பினால், விற்பனையே போய்விடும்.

சரி, டுடோரியல் நிஜமாகவே ஆட்களைப் பிடித்து வைக்கிறதா? அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குப் பதில் தருகிறது. மூன்று கேம்களில் எட்டு விதமான டுடோரியல் வடிவங்களை வைத்து, 45,000-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். மூன்றில் மிகச் சிக்கலான கேமில், டுடோரியல் இருந்தால் ஆடும் நேரம் 29 சதவீதம் வரை கூடியது. எளிமையான மற்ற இரண்டு கேம்களில் குறிப்பிடத்தக்க பலன் எதுவும் இல்லை. அதாவது, ஆடிப் பார்த்தே பிடித்துக்கொள்ளக்கூடிய கேமுக்கு விளக்கம் எழுதுவதில் பெரிய லாபம் இல்லை.

சொல்லாமல் சொல்லிக் கொடுக்க முடியுமா?

முடியும். அதற்கு மிகப் பிரபலமான உதாரணம் 1985-ன் 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ்'. முதல் லெவலில் மேரியோ இடது ஓரத்தில் நிற்கிறார், வலது பக்கம் காலியாக இருக்கிறது. ஆகவே வலது பக்கம்தான் போக வேண்டும். எதிரில் ஒரு காளான் பூதம் நடந்து வருகிறது. மோதினால் சாவு. ஆனால் அப்போதுதான் கேம் தொடங்கியது என்பதால் இழப்பு ஒன்றுமில்லை. அடுத்தமுறை தானாகவே குதிப்பார்கள். மேலே மின்னும் கேள்விக்குறிப் பெட்டியில் முட்டினால் ஒரு காளான் வெளியே வரும். அது வலது பக்கம் ஓடிக் குழாயில் மோதித் திரும்பி வரும்போது, அதை விட்டு விலகுவது கடினம். பட்டால் மேரியோ பெரிதாகிறார். 'ஓஹோ, இது நல்ல காளான்' என்று புரிந்துவிடுகிறது. ஒரு வார்த்தைகூட எழுதப்படவில்லை.

2004-ல் வந்த 'ஹாஃப் லைஃப் 2' இன்னொரு பாடம். ரேவன்ஹோம் என்ற பாழடைந்த ஊருக்குள் நுழைந்ததும், இரண்டாக அறுபட்ட ஓர் உடலும் பக்கத்தில் சுவரில் செருகிய வட்ட ரம்பமும் கண்ணில் படும். கையில் இருக்கும் ஈர்ப்புத் துப்பாக்கியால் அந்த ரம்பத்தைப் பிடுங்கும் நேரத்தில் எதிரே ஒரு ஜாம்பி வரும். அப்புறம் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அதே வால்வ் நிறுவனத்தின் 'போர்ட்டல்' 2007-ல் வந்தது. சுவரில் துளை போட்டு வேறிடத்தில் வெளியே வரும் விநோத யோசனை அதன் அடிப்படை. முதலில் துளைகள் தாமாகவே திறக்கும், பார்த்தால் போதும். பிறகு ஒரு துளையை மட்டும் போடும் துப்பாக்கி கிடைக்கும். அது பழகிய பிறகுதான் இரண்டாவது துளை. கேமின் பெரும்பகுதி டுடோரியல்தான். ஆனால் ஆடுபவருக்கு அது பாடமாகத் தெரியாது, புதிராகவே தெரியும்.

'ஸ்கைவார்ட் ஸ்வோர்ட்'டில் அடி வாங்கிய நின்டெண்டோவே 2017-ல் 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' மூலம் பதில் சொன்னது. கேம் தொடங்கும் இடம் நாலாபுறமும் செங்குத்தான பாறை சூழ்ந்த ஒரு பீடபூமி. பாராகிளைடர் கிடைக்கும் வரை அங்கிருந்து வெளியேற முடியாது. ஆனால் உள்ளே எங்கு வேண்டுமானாலும் போகலாம். நான்கு ஆலயங்களை எந்த வரிசையிலும் முடிக்கலாம். குளிர்ப் பகுதிக்குப் போனால் உடம்பு நடுங்கி உயிர் குறையும். காரமான மிளகாயைச் சமைத்துச் சாப்பிடுவதா, கம்பளி உடை தேடுவதா, தீப்பந்தத்தோடு போவதா என்பது ஆடுபவர் முடிவு. அடைத்து வைத்துச் சொல்லிக் கொடுக்கும் அதே டுடோரியல்தான், ஆனால் சுதந்திரம் மாதிரி இருக்கிறது.

எதுவுமே சொல்லாமல் விட்டால்?

2022 பிப்ரவரியில் வெளியான 'எல்டன் ரிங்' மறு எல்லை. நீண்ட பணிப் பட்டியல் கிடையாது, திரை முழுக்கக் குறிகளும் கிடையாது. ஓய்வு இடங்களில் இருந்து கிளம்பும் தங்க நிற ஒளிக்கீற்று மட்டும் போகும் திசையை லேசாகக் காட்டும். கதவைத் திறந்து புல்வெளிக்கு வந்ததுமே குதிரை மேல் ஒரு தங்கக் கவச வீரன் திரிவான். மோதினால் அநேகமாகத் தோல்விதான். 'இப்போ வேண்டாம், வேற பக்கம் போய்ட்டு அப்புறம் வா' என்று கேம் சொல்லும் விதம் அது.

எதையும் ஊட்டிவிடாத இந்த கேம் மூன்று வாரத்துக்குள் 1.2 கோடி பிரதிகளுக்கு மேல் விநியோகமானது. அந்த ஆண்டின் 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் சிறந்த கேம் விருதையும் வென்றது. 'ஆடுபவர்களுக்குப் பொறுமை இல்லை' என்ற வாதத்தை இது ஆட்டம் காண வைத்தது.

ஆனால் கதையின் மறுபக்கமும் இருக்கிறது. எல்டன் ரிங்கில் டுடோரியல் ஒன்று இருந்தது. ஆரம்பத்தில் ஒரு பள்ளத்துக்குள் குதித்தால்தான் அதற்குப் போக முடியும். ஏராளமானவர்கள் அதைக் கவனிக்காமல் கடந்துபோய், அடிப்படை தெரியாமலே அடி வாங்கினார்கள். கடைசியில் ஒரு அப்டேட்டில், 'கீழே டுடோரியல் இருக்கிறது' என்று தெரிவிக்கும் அறிவிப்பைச் சேர்க்க வேண்டியதாயிற்று.

எதுவும் சொல்லாத கேமுக்கும் பழைய காலம்போலவே வெளி உதவி இருக்கிறது. யூடியூப் வீடியோக்கள், விக்கி பக்கங்கள், தரையில் மற்ற வீரர்கள் எழுதி வைக்கும் குறிப்புகள் எல்லாம் இன்றைய கையேடுகள்.

யாருக்கு இந்த உதவி உண்மையிலேயே தேவை?

இந்த விவாதத்தில் அடிக்கடி மறக்கப்படும் கேள்வி இது. 20 வருடமாக கேம் ஆடுபவருக்கு எரிச்சலாகத் தெரியும் குறிப்பு, முதல்முறை ஆடும் அம்மாவுக்கோ பத்து வயதுப் பிள்ளைக்கோ அவசியமாக இருக்கலாம். பார்வைக் குறைபாடு உள்ளவருக்குப் பாறையின் நிற வேறுபாடு தெரியாமல் போகலாம். அவருக்கு அந்தப் பெயிண்ட்தான் கேமுக்குள் நுழையும் வாசல்.

2020-ல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' இதில் ஒரு மைல்கல். 60-க்கும் மேற்பட்ட அணுகல் வசதிகள் அதில் இருந்தன. ஒரு பட்டனை அமுக்கினால் போக வேண்டிய திசைக்குக் கேமரா திரும்பும். முக்கியமான செயல்களுக்குத் தனித்தனி ஒலி உண்டு. பார்வையற்றவர்களும் அதை ஆடி முடித்தார்கள். இதைக் 'கையைப் பிடித்து நடத்துவது' என்று யாரும் கேலி செய்ய முடியாது. ஏனென்றால் இது வேண்டுபவர்கள் மட்டும் ஆன் செய்துகொள்ளும் உதவி.

ஆக, பிரச்னை உதவியில் இல்லை. கேட்டால் கிடைக்கிறதா, கேட்காமலேயே வந்து விழுகிறதா என்பதில்தான் இருக்கிறது.

தீர்வு வந்துவிட்டதா?

பாதி வழி வந்திருக்கிறது. 2009-ல் 'நியூ சூப்பர் மேரியோ பிரதர்ஸ் வீ' கேமில் ஒரு யோசனை வந்தது. ஒரே லெவலில் எட்டு முறை செத்தால் மட்டும் ஒரு பச்சைப் பெட்டி தோன்றும். தட்டினால் லூயிஜி ஆடிக் காட்டுவார். தட்டாமலும் போகலாம்.

2018-ல் 'ஷேடோ ஆஃப் தி டூம் ரைடர்' சண்டை, தேடல், புதிர் மூன்றுக்கும் தனித்தனி கஷ்ட நிலை தந்தது. தேடலைக் கடினமாக வைத்தால் பாறையில் இருக்கும் வெள்ளைப் பூச்சு மறைந்துவிடும். அதே ஆண்டு 'அசாசின்ஸ் கிரீட் ஒடிசி', இலக்குக் குறி இல்லாமல் பேச்சில் கிடைக்கும் தகவலை வைத்துத் தேடும் முறையை விருப்பத் தேர்வாகக் கொடுத்தது.

2022-ல் வந்த 'டியூனிக்' கேமில் பழைய கையேடே புதையலாக மாறியது. புரியாத மொழியில் அச்சான கையேட்டின் பக்கங்கள் கேமுக்குள் சிதறிக் கிடக்கும். அவற்றைச் சேர்த்து, படங்களை வைத்து அர்த்தம் கண்டுபிடிக்க வேண்டும்.

1989-ல் கட்டுரை எழுதிய ரான் கில்பர்ட், 2022-ல் 'ரிட்டர்ன் டு மங்கி ஐலேண்ட்' என்ற கேமோடு திரும்பி வந்தார். அதில் ஹீரோவின் பைக்குள்ளேயே ஒரு குறிப்புப் புத்தகம் இருக்கிறது. திறந்தால் முதலில் லேசான குறிப்பு, மறுபடி கேட்டால் இன்னும் தெளிவானது, கடைசியில் விடை. கண்ணுக்குத் தெரியாத மையில் அச்சான அந்தப் பழைய புத்தகத்தின் அதே முறைதான்.

தமிழ்க் குடும்பத்தின் கதை சொல்லும் 'வெண்பா'

இந்தப் பட்டியலில் தமிழர்களுக்கு நெருக்கமான ஒரு கேமும் உண்டு. 1980களில் கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய 'வெண்பா' 2023 ஜூலையில் வெளியானது. டொரோன்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் என்ற சிறிய நிறுவனம் இதை உருவாக்கியது. 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேமாகத் தேர்வானது.

இதில் புதிரே சமையல்தான். அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்து, கறைபடிந்து போயிருக்கிறது. இட்லியில் தொடங்கி ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் விட்டுப்போன வரியை ஆடுபவர்தான் ஊகித்து நிரப்ப வேண்டும். கையேட்டில் பாதி அழிந்திருப்பதே இங்கே விளையாட்டு. அம்மா கையால் சமைத்ததைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதன் அர்த்தம் கேமைத் தாண்டியும் புரியும்.

கேம் ஆடுபவர்கள் என்ன செய்யலாம்?

புதிய அட்வென்ச்சர் கேம் ஒன்றைத் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் செட்டிங்ஸ் பக்கத்தைப் பார்ப்பது நல்லது.

- புதிர்க் குறிப்பு, துணைக் கதாபாத்திர உதவி, வழிகாட்டிக் குறி ஆகியவற்றைக் குறைக்கவோ நிறுத்தவோ வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பல கேம்களில் இருக்கிறது, ஆனால் உள்ளே ஒளிந்திருக்கும்.

- முதல் ஒரு மணி நேரம் குறிப்புகளோடு ஆடி, பட்டன்கள் பழகியதும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள்.

- பிள்ளைகள் ஆடும்போது உதவியை ஆன் செய்து வைப்பதில் தவறில்லை. ஆனால் அவர்கள் ஒரு புதிரில் நின்று யோசிக்கும்போது, பக்கத்தில் இருப்பவர் விடையைச் சொல்லாமல் இருப்பதும் உதவிதான்.

- எங்காவது மாட்டிக்கொண்டால் யூடியூப்பைத் திறக்கும் முன், கேமை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் வேறு வேலை பாருங்கள். விடை பல நேரம் அப்போதுதான் தோன்றும்.

ஒரு கதவு திறப்பதைவிட, அதை எப்படித் திறப்பது என்று தானே கண்டுபிடித்த அந்த ஒரு நொடிக்காகத்தான் பலர் இந்த கேம்களுக்குத் திரும்பத் திரும்ப வருகிறார்கள். அந்த நொடியை ஆடுபவருக்கு விட்டுக்கொடுக்கும் வசதியைத்தான் ரசிகர்கள் கேட்கிறார்கள். ஃபீயின் வாயை அடைக்க நின்டெண்டோவுக்குப் பத்து வருடம் ஆனது. 'ரக்னராக்' இரண்டே வருடத்தில் அந்த வசதியைக் கொடுத்தது. அடுத்து வரும் பெரிய கேம்கள் முதல் நாளிலேயே கொடுக்குமா என்பதுதான் இனி பார்க்க வேண்டியது.